ஜெனரலா, கேப்டனா: கரிபால்டியின் காகிதங்களையும் நினைவுப்பொருள்களையும் வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

1854 ஏப்ரல் 11. இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஷீல்ட்ஸ் துறையில் காமன்வெல்த் என்ற அமெரிக்கக் கப்பல் நிற்கிறது. ஜெனோவாவுக்கு நிலக்கரி ஏற்றிப் போக வந்த கப்பல். அதன் கேப்டனைப் பார்க்க ஊர்க்காரர்கள் சிலர் மேலே ஏறி வருகிறார்கள். கையில் ஒரு வாளும் ஒரு தொலைநோக்கியும். தொழிலாளர்களிடம் பென்னி பென்னியாகத் திரட்டிய காசில் வாங்கியவை. வாளில் இப்படிப் பொறித்திருக்கிறது: ஜெனரல் கரிபால்டிக்கு, ஐரோப்பிய சுதந்திரத்தின் நண்பர்களான டைன்சைடு மக்கள் அளித்தது, நியூகாசில், ஏப்ரல் 1854.

வாளைப் பெற்றவர் நிலக்கரிக் கப்பலின் கேப்டன். வாள் அவரை ஜெனரல் என்கிறது. இரண்டுமே உண்மைதான். பழைய ஆட்களின் காகிதங்களையும் பொருள்களையும் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த ஒரு வாளிலிருந்தே தொடங்கலாம் என்பேன். ஒரு பொருள் தன்னைப் பற்றிப் பாதிதான் சொல்லும். மீதி, அதே வாரத்தில் வேறொருவர் எழுதிய ஏதோ ஒரு தாளில் இருக்கும். அந்தத் தாளை எப்படித் தேடுவது, கிடைத்தபின் எப்படி நம்புவது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

ஜுசெப்பே கரிபால்டியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இத்தாலியை ஒன்றாக்கிய படைத்தலைவர் என்று பள்ளியில் படித்திருப்போம். மாஜினியின் பெயர் பாரதி வழியாகவே நமக்குப் பழக்கம். அந்த மாஜினியின் இயக்கத்தில் சேர்ந்தவர் இவர். ஆனால் ரோமாபுரிக் குடியரசுக்காகப் போரிட்டுத் தோற்றபின், 1850 முதல் 1854 வரை, மெழுகுவத்தி காய்ச்சியும் சரக்குக் கப்பல் ஓட்டியும் பிழைத்தார் என்பது பலருக்குத் தெரியாது. போர்க்களக் காகிதங்கள் குவிந்து கிடக்கின்றன. கடல் வருடங்களின் காகிதங்கள் மிகக் குறைவு. பழகுவதற்கு அந்தக் குறைவான பகுதிதான் நல்லது.

முதலில் ஒரே பக்கத்தில் ஆண்டு வரிசை

எந்தக் கடிதத்தையும் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து நெடுக்காகக் கோடு போட்டு, இடப்பக்கம் கடல், வலப்பக்கம் படை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கரிபால்டிக்கு அது ஏறக்குறைய இப்படி வரும்.

1807 ஜூலை 4 நீஸ் நகரில் பிறப்பு, அப்பா கரையோர வணிகப் படகுக்காரர். 1832-இல் கேப்டன் சான்றிதழ். இவை இடப்பக்கம். 1834 பிப்ரவரியில் ஜெனோவாக் கிளர்ச்சி தோற்று ஓட்டம்; ஜூன் 3-இல், ஆள் இல்லாமலேயே மரண தண்டனைத் தீர்ப்பு. அப்போது அவர் சார்டினியக் கடற்படையில் இருந்தவர், ஆகவே இது இரண்டு பக்கத்திலும் வரும். 1837-இல் பிரேசிலின் தெற்கே ரியோ கிராண்டே கிளர்ச்சியாளர்களுக்காக, அவர்கள் கொடுத்த அனுமதிப் பத்திரத்தோடு எதிரிக் கப்பல்களைப் பிடிக்கும் வேலை. 1843-இல் மான்டிவிடியோவில் இத்தாலியப் படையணி. 1849-இல் ரோம் முற்றுகை. பின்வாங்கும் வழியில் ஆகஸ்ட் 4-இல் மனைவி அனிதாவின் மரணம். 1850 ஜூலை 30-இல் வாட்டர்லூ என்ற கப்பலில் நியூயார்க். 1852 ஜனவரியில் பெருவின் கயாவோ துறையிலிருந்து கார்மென் கப்பலின் கேப்டனாகச் சீனப் பயணம். 1854-இல் காமன்வெல்த். 1860 மே 5-இல் ஆயிரம் பேரோடு சிசிலிக்குப் புறப்பாடு, மே 11-இல் மர்சாலாவில் இறக்கம்.

இவ்வளவு போதும். இந்தத் தாளை எப்போதும் பக்கத்தில் வைத்திருங்கள். கையில் கிடைக்கும் கடிதம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் அது யாருக்காக, எந்தக் குரலில் எழுதப்பட்டது என்று பிடிபடும்.

பெயர்களைச் சேர்த்து வையுங்கள்

காவல்துறை தேடிய ஆளுக்கு ஒரு பெயர் போதாது. கடற்படையில் ரகசிய வேலைக்கு க்ளியோம்ப்ரோதோ என்ற புனைபெயர். தலைமறைவில் ஜோசப் பானே. 1851-இல் மத்திய அமெரிக்காவுக்குப் போனபோதும் அதே பானே. பயணிகள் பட்டியலில் கரிபால்டி என்று மட்டும் தேடினால் இந்த ஆண்டுகளில் அவரைக் காணவே மாட்டீர்கள். ஆங்கிலப் பத்திரிகைகளோ அவர் பெயரை வாய்க்கு வந்தபடி எழுத்துக்கூட்டின. அதனால் ஆளின் பெயரைவிடக் கப்பலின் பெயரை வைத்துத் தேடுவதே மேல். துறைமுகச் செய்திப் பத்தியில் கப்பலின் பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும், கேப்டனின் பெயர்தான் சிதையும்.

தேதி: பொறுமையாக நிற்க வேண்டிய இடம்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது தேதியில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கால இத்தாலியக் கடிதங்களில் மாதத்தைச் சுருக்கி, 7 என்ற எண்ணோடு 'ப்ரே' என்ற விகுதியைச் சேர்த்து எழுதுவார்கள். அது ஜூலை அல்ல, செப்டம்பர். இத்தாலியில் ஏழு என்பதற்குச் 'செத்தே', செப்டம்பர் மாதம் 'செத்தெம்ப்ரே'. அதே கணக்கில் 8 போட்டால் அக்டோபர், 9 போட்டால் நவம்பர், ரோமன் பத்துக் குறி போட்டால் டிசம்பர். நானும் ஆரம்பத்தில் 8-ஐப் பார்த்து ஆகஸ்ட் என்று குறித்துக்கொண்டேன். ஆகஸ்டில் ஒரு ஊரிலும் அதே வாரம் இன்னொரு ஊரிலும் ஒருவர் எப்படி இருக்க முடியும் என்று ஒரு மாலை முழுக்க முட்டிக்கொண்ட பிறகே விளங்கியது.

அடுத்து ரஷ்யத் துறைமுகங்கள். இளவயதில் கரிபால்டி கருங்கடல், அசோவ் கடல் பக்கம் பல முறை போனவர். அங்கே அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டி, நம் கணக்குக்கு 12 நாள் பின்னால். ஒடெசாவிலோ தகன்ரோகிலோ எழுதிய தாளென்றால் எந்த நாள்காட்டி என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, கடல் நாள். கப்பலின் அன்றாடப் பதிவேடான பழைய லாக் புத்தகங்களில் நாள் நள்ளிரவில் தொடங்காது. நடுப்பகலில் சூரியனை அளந்து இடம் குறிப்பதால், நடுப்பகலிலிருந்து நடுப்பகல்வரை ஒரு நாள். கரையில் 18-ஆம் தேதி பிற்பகல் நடந்தது லாக் புத்தகத்தில் 19 என்று இருக்கும். பிரிட்டிஷ் கடற்படை 1805-லேயே இதைக் கைவிட்டது. வணிகக் கப்பல்கள் பல, அதற்குப் பின்னும் வெகுகாலம் விடவில்லை.

நான்காவது, தேதிக்கோடு, அதாவது பசிபிக்கைக் கடக்கும்போது தேதி ஒரு நாள் மாறும் கோடு. இதற்கு ஒரு நிகழ்ச்சியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

கார்மென் கப்பல் குவானோ உரம், அதாவது கடற்பறவைகளின் எச்சம், ஏற்றிக்கொண்டு பசிபிக்கைக் கடக்கிறது. ஒரு நாள் கேப்டனுக்கு ஒரு கனவு. நீஸ் நகரில் இருக்கிறார். பெண்கள் பாடை ஒன்றைச் சுமந்து மெல்ல நடந்து வருகிறார்கள். அதில் கிடப்பது தன் அம்மா. அம்மா ரோசா நீஸில் இறந்தது 1852 மார்ச்சில். கனவு கண்ட அதே நாள்தான் அது என்று கரிபால்டி தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் காகிதம் படிக்கிறவர் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: அதே நாள் என்றால் யாருடைய நாள்? கயாவோவிலிருந்து மேற்கே போகும் கப்பல் வழியில் ஒரு நாளைத் தாண்டிக் குதிக்க வேண்டும். எங்கே குதிப்பது என்பதற்கு அப்போது உலகப் பொது ஏற்பாடு கிடையாது. கிரீன்விச்சை முதல் தீர்க்கரேகையாகப் பல நாடுகள் ஏற்றதே 1884-இல்தான். கேப்டன் தேதியை மாற்றவில்லை என்றால் அவர் புத்தகத்தில் 18, சீனத் துறைமுகமான கான்டனில் 19. அதோடு நடுப்பகல் கணக்கையும் சேர்த்தால் இன்னொரு பாதி நாள். பிலிப்பைன்ஸ் நாட்டில் 1844 டிசம்பர் 31 என்ற நாளே கிடையாது. அமெரிக்கக் கணக்கிலிருந்து ஆசியக் கணக்குக்கு மாற அந்த நாளையே விட்டுவிட்டார்கள். அந்தக் கடலில் தேதி அவ்வளவு வழுக்கும் பொருள்.

ஆகவே உங்கள் குறிப்பேட்டில் 'கனவும் மரணமும் ஒரே நாள்' என்று எழுதாதீர்கள். 'ஒரே நாள் என்று மகன் பிற்காலத்தில் எழுதினார்' என்று எழுதுங்கள். அந்த மகன் தாயை எப்படி நினைத்தார் என்பதற்கு அது உறுதியான சான்று. நாள்காட்டிக்குச் சான்று அல்ல.

யார் கை, எப்போது எழுதியது

ஒவ்வொரு தாளைப் பற்றியும், அந்தத் தாளின் மேல் பென்சிலால் அல்ல, உங்கள் தனிக் குறிப்பில், இரண்டு விஷயம் எழுதுங்கள்: எழுதிய கை யாருடையது, நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் எவ்வளவு இடைவெளி.

கரிபால்டியின் நினைவுக்குறிப்பையே பாருங்கள். 1849-50-இல் மொரோக்கோவின் டான்ஜியரில் தஞ்சம் இருந்தபோது எழுதத் தொடங்கினார். கையெழுத்துப் பிரதியை நண்பர்களிடம் கொடுத்தார். 1859-இல் நியூயார்க்கில் தியோடோர் ட்வைட் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1860-இல் அலெக்சாண்டர் டூமா பிரெஞ்சில் வெளியிட்டார். அவர் நாவலாசிரியர், சும்மா மொழிபெயர்த்துவிட்டுப் போகிறவர் அல்ல. கரிபால்டி தானே திருத்தி முடித்த வடிவம் 1872-ஐச் சேர்ந்தது, அச்சானது அவர் இறந்து ஆறு ஆண்டு கழித்து, 1888-இல். ஒரே ஆளின் ஒரே வாழ்க்கை, ஆனால் மூன்று கை பட்டது. இணையத்தில் 'கரிபால்டி சொன்னார்' என்று ஒரு வரி கிடைத்தால் எந்த வடிவத்திலிருந்து என்று பாருங்கள். டூமாவின் வடிவத்தில் மட்டும் இருந்தால் அதை ஓரமாக வைத்துவிடுவது என் வழக்கம்.

கடிதங்களில் இன்னொரு எச்சரிக்கை. முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன பிற்காலத்தில் பல கடிதங்களை உதவியாளர்கள் எழுதினார்கள், அவர் கையொப்பம் மட்டும் போட்டார். கடித வாசகத்தின் எழுத்தையும் கையொப்பத்தின் எழுத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். கையொப்பம் அசல் என்பதால் வார்த்தைகள் அவருடையவை என்று ஆகாது.

மூலத்தைத் தேடிப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு சிறிய உதாரணம். 1866 ஆகஸ்ட் 9. ஆஸ்திரியாவுக்கு எதிரான போரில் முன்னேறிக்கொண்டிருந்தவரைப் பின்வாங்கச் சொல்லித் தந்தி வருகிறது. 'கீழ்ப்படிகிறேன்' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினார் என்று இத்தாலியே சொல்லும். உண்மைத் தந்தியில் அதற்கு முன் இன்னொரு வாக்கியம் உண்டு: 1073-ஆம் எண் தந்தி கிடைத்தது. அப்புறம்தான் கீழ்ப்படிகிறேன். அந்த எண்ணைப் பார்த்தபின் எனக்கு அந்தக் காட்சி இன்னும் கனமானது. மனம் கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் அலுவல் முறைப்படி எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதியிருக்கிறார்.

கப்பல் காகிதங்களை எங்கே தேடுவது

படைவீரரைப் பற்றி அரசு எழுதி வைக்கும். கேப்டனைப் பற்றி எழுதி வைப்பவர்கள் சரக்குக்காரர்களும் துறைமுகக்காரர்களும். கேப்டன் சான்றிதழ், மாலுமிகள் பட்டியல், சரக்கு ஏற்றிய ரசீது, துறைமுக வருகைப் பதிவு, பத்திரிகையின் கப்பல் செய்திப் பத்தி. வீட்டில் இருந்தபடி தேடக் கூடியது கடைசி வகை.

ஆஸ்திரேலியாவின் 'ட்ரோவ்', நியூசிலாந்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்', அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'க்ரானிக்லிங் அமெரிக்கா' மூன்றிலும் பழைய பத்திரிகைகளை இலவசமாகப் புரட்டலாம். தேடும் முறை எளிது. கப்பல் பெயரையும் புறப்பட்ட துறையையும் போடுங்கள். ஆண்டை மட்டும் குறுக்குங்கள், மாதத்தைக் குறுக்காதீர்கள். பாய்மரக் கப்பல் சொன்ன நேரத்துக்கு வராது. எந்திரம் படித்த எழுத்தில் பிழை மலிந்திருக்கும் என்பதால், கிடைத்ததும் படத்தையே பெரிதாக்கிக் கண்ணால் படியுங்கள். கார்மென் என்பது எல்லாத் துறைமுகத்திலும் சகஜமான பெயர். கொடி, சரக்கு, எங்கிருந்து வந்தது, இந்த மூன்றும் பொருந்தினால்தான் நம் கப்பல்.

சரக்கைக் கவனிப்பது நல்ல பழக்கம். கான்டனில் குவானோ விலைபோகவில்லை, அமோய் வரை போய் விற்க வேண்டியிருந்தது. திரும்பும்போது ஆஸ்திரேலியாவின் தெற்கே பாஸ் நீரிணை வழியாக வந்து, த்ரீ ஹம்மக் என்ற சிறு தீவில் குடிநீர் பிடித்தார்கள். ஆள் இல்லாத வீடும் தோட்டமும் அங்கே இருந்தன. கரிபால்டி அந்தத் தனித்தீவை வெகுகாலம் மறக்கவில்லை, ஏக்கத்தோடு எழுதியிருக்கிறார். 1855-இல் தம்பியின் சொத்து கைக்கு வந்ததும் அவர் செய்த காரியம், சார்டினியாவுக்கு வடக்கே காப்ரேரா தீவில் நிலம் வாங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்தத் தோட்டம்தான் கண்ணில் நிற்கிறது. இந்த மாதிரி எண்ணங்கள் வந்தால் எழுதி வையுங்கள், ஆனால் வேறு நிற மையில்.

பொருள்களை வாசிப்பது

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை. அதில் நான்கு கேள்வி: என்ன பொருள், அதன் மேல் என்ன தடயம், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எந்தக் காகிதம் அதற்குச் சாட்சி.

ரோமில் விட்டோரியானோ நினைவு மாளிகையில் உள்ள விடுதலை இயக்க மைய அருங்காட்சியகத்தில் ஒரு பூட்ஸ் இருக்கிறது. வலது கால். கணுக்கால் பக்கம் ஓட்டை. 1862 ஆகஸ்ட் 29, அஸ்ப்ரோமோன்தே மலையில் இத்தாலிய அரசின் படையே சுட்ட குண்டு அது. குண்டு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று மருத்துவர்கள் வாரக்கணக்கில் வாதாடினார்கள். எக்ஸ்ரே வர இன்னும் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தன. பிரெஞ்சு மருத்துவர் நெலாத்தோன், நுனியில் பளபளப்பு பூசாத பீங்கான் வைத்த ஒரு கம்பியைச் செய்தார். எலும்பில் உரசினால் பீங்கானில் ஒன்றும் ஒட்டாது, ஈயத்தில் உரசினால் கறுப்புத் தடம் விழும். கம்பி கறுத்து வெளியே வந்தது. நவம்பர் 23-இல் பீசாவில் டாக்டர் சனெத்தி குண்டை எடுத்தார். ஒரு பூட்ஸுக்குப் பின்னால் மருத்துவக் குறிப்புகள், கடிதங்கள், பத்திரிகைச் செய்தி என்று இத்தனை சாட்சி நிற்பதால்தான் அந்த ஓட்டையை நம்பலாம்.

சிவப்புச் சட்டைகள் வேறு விஷயம். மான்டிவிடியோவில், இறைச்சிக் கூடத் தொழிலாளர்களுக்கென நெய்த மலிவான சிவப்புத் துணியில் தொடங்கியது அது என்பார்கள். பிறகு ஆயிரக்கணக்கான தொண்டர்கள் அணிந்தார்கள். ஆகவே சிவப்புச் சட்டை ஒன்று பரண் பெட்டியில் கிடந்தால் அது ஒரு தொண்டருடையதாக இருக்கலாம். தலைவருடையது என்று சொல்லத் தனிச் சாட்சி வேண்டும். தொண்டர் பெயர் தெரிந்தால், மர்சாலாவில் இறங்கிய 1089 பேரின் பட்டியலை இத்தாலிய அரசிதழ் 1878-இல் அச்சிட்டிருக்கிறது, அதில் பாருங்கள்.

1864-இல் அவர் லண்டன் போனபோது ஊரே திரண்டது. ஸ்டாஃபர்ட்ஷையர் பீங்கான் பொம்மைகளாகவும் அவர் வீட்டு அடுப்புத் திண்ணைகளில் நின்றார். இவை விற்பனைப் பொருள்கள். அவர் கை பட்டவை அல்ல, ஆனால் மக்கள் அன்பின் சான்று. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குழப்பாமல் இருந்தால் போதும்.

நேரில் போகிறவர்களுக்கு

நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் அந்தோனியோ மேயூச்சியின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. மெழுகுவத்தி காய்ச்சிய காலம் அங்கேதான். தொலைபேசியைக் கண்டுபிடித்தது தானே என்று போராடிய அதே மேயூச்சி.

காப்ரேராவுக்கு, சார்டினியாவின் பலாவ் துறையிலிருந்து படகில் லா மத்தலேனா தீவு, அங்கிருந்து பாலம் போட்ட சாலை. வெள்ளை வீடு, மாவு ஆலை, படகு, கடைசிக்காலச் சக்கர நாற்காலி எல்லாம் உண்டு. அறைகளை அவசரமாகக் கடந்து கல்லறைக்கு ஓடாதீர்கள். இறந்த அறையில் கட்டில் ஜன்னலைப் பார்த்துக் கிடக்கிறது, கடலுக்காக. கடிகாரமும் நாள்காட்டியும் 1882 ஜூன் 2 மாலையில் நிற்கின்றன.

அதற்கப்புறம் கல்லறை. பெரிய கரடுமுரடான கருங்கல். உடலை எரிக்க வேண்டும், சிவப்புச் சட்டையோடு, திறந்த வெளியில், தீவின் விறகில் என்று அவர் தெளிவாக எழுதிவைத்திருந்தார். எரிக்கவில்லை. காகிதம் ஒன்று சொல்கிறது, கல் வேறொன்று சொல்கிறது. அந்தக் கல்லின் முன் நிற்கும்போது அந்தத் தாளின் வாசகமும் மனதில் இருக்கட்டும்.

வீட்டில் இப்படிப்பட்ட தாள்கள் இருந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், மடிப்பைப் பலவந்தமாக நிமிர்த்தாதீர்கள். கை கழுவி ஈரம் போகத் துடைத்துத் தொடுங்கள். உறையையும் சேர்த்து வையுங்கள், அஞ்சல் முத்திரையில் தேதி இருக்கும். எந்தத் தாள்கட்டுக்குள் எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையை மாற்றும் முன் படம் எடுத்துவிடுங்கள். பொருளோடு வந்த வாய்மொழிக் கதையை, சொன்னவர் பெயரும் சொன்ன நாளும் போட்டு அன்றே எழுதுங்கள். படியெடுக்க 'டிரான்ஸ்கிரிபஸ்' மாதிரி மென்பொருள் உதவும்; ஆனால் முதல் பத்துப் பக்கத்தைக் கையால் படியெடுங்கள். எழுதியவரின் கை அப்போதுதான் பழகும்.

சரி, இன்றே தொடங்க ஒரு அட்டை. மேலே: வாள். தேதி: 11 ஏப்ரல் 1854. இடம்: காமன்வெல்த் கப்பல், ஷீல்ட்ஸ். பொறிப்பு: ஜெனரல். அன்று அவர் செய்த வேலை: கேப்டன். சாட்சி: இந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு, அந்த மாதத்து நியூகாசில் பத்திரிகையைத் திறவுங்கள்.